கீரி கடித்த கோழிக்கு வைத்தியம் சொன்ன அக்காவுக்கு

பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள் அக்கா. கடிபட்ட கோழியைக் கண்டதும் எல்லாரும் மஞ்சளைத்தான் அள்ளி அப்புவார்கள். முதலில் கழுவு என்று தடுத்தீர்களே, அதற்கே தனி நன்றி.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சால் பீய்ச்சவேண்டும். இறகைப் பிடுங்கினால் தோலும் சேர்ந்து கிழியும். புண்ணைச் சுற்றிக் கத்தரித்தால் போதும். முதுகில் ஒரு துளைதான் தெரியும், இறகை விலக்கிப் பார்த்தால் சிறகடியில் இன்னொரு பல் இறங்கியிருக்கும். தோலுக்கடியில் பலூன்போல உப்பி, அமுக்கினால் நெறுநெறுத்தால் உள்ளே நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை கிழிந்திருக்கலாம். அதற்கும் ஆழமான பல்காயத்துக்கும் கைவைத்தியம் போதாது, கால்நடை மருத்துவர்தான்.

ஈதான் பெரிய எதிரி. இறகடியில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. ஒரே நாளில் புழுவாகிவிடும். அதனால் காலையும் மாலையும் பார்க்கவேண்டும். வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் புண்ணின் ஓரத்துக்கு மட்டும், குழிக்குள் வேண்டாம்.

பஞ்சாரம் தனியாக இருக்கட்டும் என்றீர்கள். சரிதான், ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டாளிக் கோழிகளே கொத்திக் குதறும். தண்ணீரை வாய்க்குள் ஊற்றினால் நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்துளைக்குள் போய்விடும்; அலகோரம் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும்.

கோழி இப்போது குப்பையைக் கிளறுகிறது. இந்தப் பக்கம் வந்தால் முட்டை வாங்காமல் போகாதீர்கள் அக்கா.