அமாவாசையன்று நான் சமர்கந்தில் இருந்தது பற்றி, அண்ணனுக்கு

அண்ணா,

போன வருஷம் படித்துறையில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். இந்த மகாளய அமாவாசைக்கு நான் ஏன் ஊரில் இல்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டாய் அல்லவா, அதற்குத்தான் எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன்.

அந்தத் தேதியில் டிக்கெட் மலிவு என்று அண்ணியிடம் சொன்னேன். மலிவுதான். ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

உஸ்பெகிஸ்தானில் இருக்கிற சமர்கந்தில் செப்டம்பர் நல்ல மாதம். கொளுத்தும் கோடை முடிந்திருக்கும், பகலில் பருத்திச் சட்டை போதும், ராத்திரி சால்வை வேண்டும். தலைநகர் தாஷ்கண்டிலிருந்து அஃப்ராசியாப் என்கிற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பிய தைமூர் 1399-இல் கட்ட ஆரம்பித்த பீபி கானும் மசூதியை ஒட்டியே சியோப் சந்தை. திராட்சை, அத்தி, தலையணை நீளத்துக்கு முலாம்பழம், அடுக்கடுக்காகக் கனமான வட்ட ரொட்டி. விற்கிறவர்கள் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து நன்றி சொல்கிறார்கள். ரெஜிஸ்தான் சதுக்கத்து மதரஸாக்களைக் குரூப்பில் படமாகப் போட்டேன், நீ பார்த்ததும் தெரிந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரட்டாசியில் அங்கே என்ன சாப்பிட்டேன் என்று எழுதமாட்டேன், சித்தி இதைப் படிப்பார்.

அமாவாசையன்று காலையில் ஷாஹி ஜிந்தாவுக்குப் போனேன். மலைச்சரிவில் ஒரு ஒடுங்கிய சந்து, இரண்டு பக்கமும் நீல ஓடு பதித்த சமாதிகள், பெரும்பாலும் 14, 15-ஆம் நூற்றாண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் படிகளை எண்ணவேண்டும், இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நல்லதாம். நானும் எண்ணினேன், பாதியில் உன் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். சந்தின் நடுவில் ஷாதி முல்க் ஆகாவின் சமாதி. தைமூரின் சகோதரி மகள், சின்ன வயதில் செத்துப்போனவள். 1372-இல் அதைக் கட்டியது அவளுடைய அம்மா, பிறகு அந்த அம்மாவையும் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த ஓடுகளில் வேலைப்பாடு அப்படி, அண்ணா, கை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

இன்னும் மேலே, நபிகளின் உறவினரான குசம் இப்னு அப்பாஸின் சமாதிக்குப் பக்கத்தில், சுவரோரம் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், பாதிக்கு மேல் பெண்கள், தலையில் பூப்போட்ட துணி. நானும் உட்கார்ந்தேன். ஒருவர் ஓத ஆரம்பித்ததும் எல்லோரும் இரண்டு கைகளையும் ஏந்தினார்கள். நான் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி உள்ளங்கையைத் திறந்து வைத்தார். யார் நீ, எந்த மதம், யாருக்காக என்று ஒன்றும் கேட்கவில்லை. ஓதி முடித்ததும் எல்லோரும் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், நானும் துடைத்தேன், ஈரமாக இருந்தது. அப்பா பேரைச் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் அம்மாமண்டபம் படித்துறையில் போன வருஷம் முழுக் காலையும் காத்திருந்தேன். நீங்களெல்லாம் தண்ணீரில் இறங்கியபோது நான் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தேனே.

அங்கே பெண்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லவரவில்லை. அடக்கத்துக்கு இடுகாடு வரை ஆண்கள்தான் போவார்கள், அந்த ஊர் வழக்கமும் அதுதான். எனக்கு அந்தப் பெஞ்சில் இடம் கிடைத்தது, சொல்வது அவ்வளவுதான்.

நீ தனியாக நின்று எல்லாம் செய்திருப்பாய், அது எனக்கு வருத்தம்தான். கடைசி மாதங்களில் அப்பாவை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி உட்கார வைத்தது நீ, உன் முதுகு போனது அதில்தான், அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. உனக்கு அழத் தெரியாது என்று அண்ணி சொல்வார், எனக்குத் தெரியும் நீ மோட்டார் ரூமுக்குப் போய் அழுவாய். அந்த அண்ணன்தான், "பொம்பளைப் பிள்ளை தள்ளி நில்லு" என்று பெரியவர் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சொன்னதைவிட நீ நின்ற விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எப்படி இங்கே வந்து நிற்கிறது பார்.

வீட்டுப் பத்திரம் பற்றி இங்கே வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதாக யாரோ சொன்னார்களாமே, நான் சொல்லவில்லை, மீதியை நேரில் பேசுவோம்.

தை அமாவாசைக்கு வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துறைக்கும் வருவேன், தண்ணீரில் இறங்குவேன், எள் என் கையிலும் இருக்கும். அன்றைக்கு அங்கே நின்று தகராறு வேண்டாம், அதனால் அந்தப் பெரியவரிடமும் ஐயரிடமும் நீயே முன்னாலேயே சொல்லிவை. சொல்ல முடியாது என்றால் அதையும் எனக்குச் சொல்லிவிடு, குரூப்பில் வேண்டாம், போனில்.