நவம்பர் 7: பாப்பாவுக்கும் உனக்கும்

ஏற்காடு,
அக்டோபர் 27

அன்புள்ள கண்ணுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டதா? துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. இங்கே ஐந்து நாளாக விடாத மழை. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"அம்மா, நவம்பர் 7 பற்றி பாப்பா ஸ்கூலில் பேசணும், எழுதி அனுப்பும்மா" என்று வாட்ஸ்அப்பில் நீ போட்ட வரியை நாலைந்து முறை படித்தேன். இரண்டு மாதத்தில் உன்னிடமிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். போனில் கூப்பிட்டால் 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தமிழில் எழுதுகிறேன். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் 'இன்று' என்று ஒரு மூலை ஒதுக்கி எழுதியவள் நான். முதல் ஆளாக வந்து எழுத்துக்கூட்டிப் படிப்பது நீதான். நவம்பர் 7 வந்தால் எனக்கு அந்த மூலை போதாது. பாப்பா அன்றைக்குப் பிறப்பதற்கு முன்பே எனக்குப் பிடித்த நாள் அது.

முதலில் மேரி க்யூரி. 1867இல் போலந்தின் வார்சாவில் பிறந்தவர். அப்போது அந்த ஊர் ரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. பள்ளிப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்கா பாரிஸில் டாக்டருக்குப் படிக்க, இவர் பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் அனுப்பினார். அப்புறம்தான், 1891இல், தன் படிப்புக்காக பாரிஸ் போனார். 1898இல் கண்டுபிடித்த தனிமத்துக்குத் தன் நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயர் வைத்தார். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு. அவர் எழுதிய குறிப்பேடுகளில் இன்றும் கதிர்வீச்சு இருப்பதால் ஈயம் பூசிய பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பாப்பா இதைச் சொன்னால் வகுப்பே வாயைப் பிளக்கும், பார். நம் நாட்டில் அந்த நாளைப் புற்றுநோய் விழிப்புணர்வு நாளாக வைத்திருப்பதும் இவரை நினைத்துத்தான்.

1906இல் அவருடைய கணவர் பியர் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். கையில் இரண்டு சின்னப் பெண்கள். அவர்களையும் வளர்த்து, கணவர் பாடம் நடத்திய இடத்தில் தானே நின்று பாடம் நடத்தினார். இதைப் பாப்பா பேச வேண்டியதில்லை. உனக்கு எழுதினேன்.

நீ அனுப்பிய புது முகவரியில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. தீபாவளிக்கு மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். மழை, மருந்து, பஸ் என்று என்னென்னவோ பேசினார், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. இரவில் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்.

அடுத்தவர் நம் சி.வி. ராமன். 1888, திருச்சி. பதினெட்டு வயதில் எம்.ஏ. முடித்து, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு உத்தியோகம். பகலில் ஆபீஸ், காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி. 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று யோசித்தார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார். அந்த வழியிலேயே போய், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற ராமன் விளைவை 1928 பிப்ரவரி 28இல் கண்டார், 1930இல் நோபல். நம் ஏரிப் படகில் உட்கார்ந்து பாப்பா கேட்டாளே, தண்ணீரை அள்ளினால் மட்டும் ஏன் நிறம் இல்லை என்று. அதையே பேச்சின் ஆரம்பமாக வைக்கச் சொல். அவளுடைய கேள்வி அது.

மூன்றாமவர் லீஸ் மைட்னர், 1878, வியன்னா. பெர்லினுக்கு ஆராய்ச்சி செய்யப் போனவரைப் பெண் என்பதால் மேலே ஆய்வுக்கூடத்துக்குள் விடவில்லை. கீழ்த்தளத்தில் பழைய தச்சுப் பட்டறை ஒன்றைக் கொடுத்தார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்ததால் 1938 ஜூலையில் ஜெர்மனியை விட்டே தப்பிக்க வேண்டியதாயிற்று. கையில் பத்து மார்க் பணம். வழியில் தேவைப்பட்டால் கொடுக்க என்று, கூட வேலை செய்த ஓட்டோ ஹான் தன் அம்மாவின் வைர மோதிரத்தைக் கொடுத்தனுப்பினார். அந்த டிசம்பரில், ஸ்வீடன் பனியில் அக்கா மகனோடு நடந்துகொண்டே, யுரேனியம் அணு இரண்டாகப் பிளக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் இவர். 1944ஆம் வருஷத்து நோபலை ஹானுக்கு மட்டும் கொடுத்தார்கள். 109ஆம் தனிமத்துக்கு இப்போது இவர் பெயர்.

உன் வளையல்கள் ஆறும் செவ்வாய்ப்பேட்டை லாக்கரில் அப்படியே இருக்கின்றன. உனக்கு எப்போது வேண்டுமானாலும் சொல், நானே எடுத்து வருகிறேன். எதற்கு என்று கேட்க மாட்டேன். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், உன் பாஸ்புக் எல்லாவற்றையும் உன் கைக்குள் வைத்துக்கொள். பணத்தைத் தனிக் கணக்கில் வை. தாழ்ப்பாள் இரண்டையும் போடு.

ரஷ்யப் புரட்சியும் 1917இல் இதே நாளில்தான். அப்புறம் ஏன் அக்டோபர் புரட்சி என்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள். அவர்களுடைய பழைய காலண்டர் 13 நாள் பின்தங்கி இருந்தது, அதில் அன்று அக்டோபர் 25. அதே 1917இல்தான் நம் சேலம் நகராட்சிக்கு ராஜாஜி தலைவரானார். கமல்ஹாசன் 1954இல் பரமக்குடியில் பிறந்ததும் நவம்பர் 7. இதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னது அப்பா.

ராமனைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். கரும்பலகையிலும் ஒரு நாளும் எழுதியதில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படிக்க கமலா என்ற பம்பாய்ப் பெண் விண்ணப்பித்தார். பின்னால் கமலா சோஹோனி என்று பெயர் பெற்றவர். இயக்குநராக இருந்த ராமன், பெண் என்பதற்காக மறுத்துவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. நேரே போய் வாதாடி, ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு இடம் வாங்கினார். வேலையைப் பார்த்த ராமன் அவரை முழு மாணவியாக ஏற்றார், மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. அவ்வளவு பெரிய மனிதரும் தப்புச் செய்தார், ஒரு வருஷத்தில் மாற்றிக்கொண்டார்.

கண்ணு, ஹைதராபாத்தில் படிக்க உனக்கு இடம் கிடைத்ததாக வந்த கடிதம் தபாலில் தாமதமாகவில்லை. சேருவதற்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதே வந்துவிட்டது. வாங்கியது நான். டிரங்க் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தவளும் நான். அத்தை வீட்டு விஷயம் நடந்து ஆறு மாதம்கூட ஆகாத சமயம். உன்னை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப நடுங்கினேன். அப்பாவுக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. கெடு முடிந்த மறுநாள் எடுத்துக் கொடுத்தேன். நீ அந்தத் தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினாய். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் உள்ளே அடுப்படியில் நின்றிருந்தேன்.

நீ பி.எட். சேர்ந்தாய், வரன் வந்தது, சரி என்றாய். நான் பார்த்த வரன். ஊரார் பெண்களுக்கெல்லாம் மேரி க்யூரி கதை சொல்லிவிட்டு என் பெண்ணை இப்படிச் செய்தேன். பாப்பா பிறந்த தேதியைக் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு நெஞ்சை அடைத்தது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு நவம்பர் 7க்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்து விட்டேன்.

நீ கோபப்பட்டால் கோபப்படு. பேசாமல் மட்டும் இருக்காதே.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கிழித்துப் போட்டாய், நான் ஒட்டி வைத்திருந்தேன். உறையின் மேல் தபால் முத்திரைத் தேதி தெரிகிறது. பாப்பா பார்க்கும்போது பிரிக்காதே.

மைட்னர் பெயரை அவள் திணறாமல் சொல்லப் பழக்கு. 13 நாள் கணக்கை மெதுவாகச் சொல்லச் சொல், வேகமாகப் பேசினால் வார்த்தையை விழுங்குகிறாள். நவம்பர் 5ஆம் தேதிக்குச் சேலத்திலிருந்து ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறேன். வேண்டாம் என்றால் இரண்டு நாளுக்குள் சொல். ஒன்றும் சொல்லாவிட்டால் வந்துவிடுவேன். பாப்பாவுக்குத் தட்டுவடை வாங்கி வருகிறேன், சட்னியை அங்கே அரைத்துக்கொள்ளலாம்.

அம்மா