கோதுமை வயலும் கூழாங்கல் செடியும்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
செப்டம்பர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்தோம், அதனால்தான் தாமதம். உன் மொட்டை மாடியில் அவரை காய்த்துத் தள்ளுகிறதாமே! இங்கே இப்போதுதான் குளிர் விலகுகிறது. வசந்தம் என்று தனியாக ஒன்று எங்களுக்குக் கிடையாது. மாமரம் பிஞ்சு வைத்தால் விதைக்கும் நேரம், அவ்வளவுதான் கணக்கு. பீர்க்கையும் வெண்டையும் ஊன்றியாகிவிட்டது. நவம்பரிலிருந்து புயல் காலம் என்பதால் பந்தலைத் தாழ்வாகவே போட்டிருக்கிறேன். முளை விட்ட மறுநாளே ஆப்பிரிக்க நத்தைகள் ஆஜர். ராத்திரியில் டார்ச்சோடு பொறுக்குவது நான். அவர் வாளியைப் பிடிப்பதோடு சரி.

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேப் டவுனில் இறங்கி என்7 சாலையில் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் காமீஸ்குரோன் என்ற சின்ன ஊர். பக்கத்தில்தான் நமக்வா தேசியப் பூங்கா. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் பூமி. குளிர்கால மழை நன்றாகப் பெய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரஞ்சு நிற டெய்சிப் பூக்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துவிடும். ஆனால் வெயில் வேண்டும். நாங்கள் போன முதல் நாள் மேகமூட்டம். எல்லாப் பூவும் இதழை மூடிக்கொண்டு நின்றன. மறுநாள் பத்தரை மணிக்கு மேல்தான் திறந்தன, நாலு மணிக்குள் மறுபடி மூடிவிட்டன. பூமியின் தென்பாதியில் வெயில் வடக்கிலிருந்து வரும், பூக்களும் அந்தப் பக்கமே முகம் காட்டும். அதனால் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வண்டி ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். போகும்போது முதுகைப் பார்த்தோம், திரும்பும்போதுதான் முகம்.

அங்கே எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. ஊரெல்லாம் படம் எடுக்கும் அந்த ஆரஞ்சுக் கம்பளங்கள் பெரும்பாலும் பழைய கோதுமை வயல்களாம். உழுது கைவிட்ட மண்ணில்தான் டெய்சி அப்படிக் கூட்டமாக வருமாம். காட்டுப்பூ என்று நாம் தேடிப் போவதில் பாதி, கலப்பை போட்ட கோலம்! அழகு குறைந்துவிடவில்லை, இருந்தாலும் என் மனம் அதற்குப் பிறகு வேறு பக்கம் போய்விட்டது.

தெற்கே திரும்பும் வழியில் கினெர்ஸ்ஃப்ளாக்டே என்ற சமவெளி. தரை முழுக்க வெள்ளை வெங்கச்சாங்கல். இறங்கிக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, கல்லுக்கு நடுவே கல் மாதிரியே செடிகள்! விரல்நுனி அளவு, சாம்பல் கலந்த பச்சை, உள்ளெல்லாம் தண்ணீர். வேறெங்கும் வளராத வகைகள் அங்கே நிறைய. இவற்றைப் பிடுங்கி வெளிநாட்டுக்குக் கடத்தவே கும்பல்கள் இருக்கின்றனவாம், வயிறு எரிகிறது. டெய்சியைவிட இவற்றோடுதான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பசி, எனக்குக் காது கேட்கவில்லை.

வந்ததும் எங்கள் தீவின் சொந்தப் பூக்கள் எங்கே என்று கேட்க ஆரம்பித்தேன். தெருவெல்லாம் காகிதப்பூ, டிசம்பரில் மயில்கொன்றை; இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டிலிருந்தே தெரியும் கோர் த கார்த் மலையில், நாம் காவடி பார்த்த முருகன் கோவில் மலைதான், மாந்திரினெட் என்ற சிவப்புச் செம்பருத்தி இருக்கிறது. காட்டில் அது வளர்வது அங்கேயும் லெ மோர்ன் மலையிலும் மட்டும். எஞ்சியிருப்பவை சில பத்துச் செடிகள்தான். அதற்கு வந்திருக்கும் ஆபத்துகளில் ஒன்று, நாம் பூஜைக்கு வளர்க்கும் சாதாரணச் செம்பருத்தி. இரண்டும் கலந்து கலப்பினமாகிவிடுகிறது. கேட்டதிலிருந்து வாசலில் நிற்கும் என் செம்பருத்தியைப் பார்த்தாலே சங்கடம். வெட்டிவிடலாம் என்கிறார் அவர். மாமியார் வைத்த செடி, எப்படி வெட்டுவது? மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் யோசிக்கட்டும், நாம் தள்ளித்தானே இருக்கிறோம் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அப்புறம், விதை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், இங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் விதையை உள்ளே விடமாட்டார்கள். தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் பார். படி ஏறத் தோதான செருப்பு எடுத்து வா.

அன்புடன்,
உன் தோழி