எட்டு மணி மாத்திரை

கம்பம்

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே மலையடிவாரத்தில் மழை ஓய்ந்துவிட்டது. மேலே உன் வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுப்பு சூடு பிடித்துவிட்டது போல. விடியுமுன்னே இங்கிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன.

தூக்கம் வரவில்லை என்று வரும் மனச்சோர்வுக்காரருக்கு, தூக்கமும் தரும் மனச்சோர்வு மாத்திரையான மிர்டாசபின் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுதலாம். முதலில் அது எந்தத் தூக்கமின்மை என்று பார். விடியக்காலை மூன்று மணிக்கே முழிப்பு, சோறு இறங்கவில்லை, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, காலையில்தான் மனசு ரொம்பப் பாரம் என்று சொல்பவருக்குத்தான் இது கச்சிதம். தடித்த கழுத்தும் ஊரையே எழுப்பும் குறட்டையும் என்றால் வேண்டாம். உடம்பு கூடி மூச்சடைப்பு இன்னும் மோசமாகும். தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் ஏக உற்சாகமாகத் திரிந்த காலம் உண்டா என்று வீட்டாரிடமும் விசாரித்துவிடு. இருமுனை நோய் ஒளிந்திருந்தால் தனியாக இந்த மாத்திரை ஆளைக் கிளப்பிவிட்டுவிடும்.

இரவு 15 மில்லிகிராமில் தொடங்கு. வயதானவர், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் 7.5. நம் டாக்டர்கள் தவறுவது இதற்கடுத்த இடத்தில்தான். தூக்கம் போதவில்லை என்றதும் 30க்கு ஏற்றுகிறார்கள். மூளையை விழிக்கவைக்கும் ஹிஸ்டமினை மறிப்பதால்தான் தூக்கம் வருகிறது. அதற்குச் சின்ன அளவே போதும். அளவு ஏற ஏற உசுப்பிவிடும் நார்அட்ரினலின் வேலை மேலே வருவதால், சிலருக்குத் தூக்கம் குறையக்கூடச் செய்யும். மனசு தேறாவிட்டால் மட்டும் ஏற்று, அதுவும் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து. உச்சம் 45. தூக்கம் முதல் இரவே வரும், மனசு தேற இரண்டு முதல் நான்கு வாரமாகும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாளே ‘சரியாப் போச்சு’ என்று நிறுத்திவிடுவார்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

படுக்கும்போது போடச் சொல்லாதே, இரவு எட்டு மணிக்கு என்று சொல். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் அரை ஆயுளே 20 முதல் 40 மணி நேரம். பத்தரைக்குப் போட்டவர் ஐந்து மணிக்கு ஜீப் ஏறும்போது மந்தமாகத்தான் இருப்பார். ஓட்டுநராக இருந்தால் முதல் வாரம் கம்பம் மெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. காலைத் தெளிவைப் பார்த்துவிட்டு அப்புறம் விடு. சாராயமும் கள்ளும் சேரவே கூடாது.

‘காலு குடையுது, நீட்டி மடக்காம இருக்க முடியல, தூக்கம் போச்சு’ என்று ஒருவர் திரும்பி வந்தால் உஷாராகு. அது மருந்து கிளப்பிவிட்ட கால் தவிப்பு. அளவை ஏற்றினால் இன்னும் கூடும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார், மருந்தை மாற்று. பசி பிய்த்துக்கொண்டு வரும், ஆகவே முதல் நாளே எடை, சர்க்கரை, கொழுப்பு எழுதி வை. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் என்றால் மாத்திரையை நிறுத்தி வெள்ளணு எண்ணிக்கை எடு. வெள்ளணு சரிவது அபூர்வம்தான், ஆனாலும் விடக்கூடாது. நீர்மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கியதா என்று இரண்டு வாரத்தில் பார்.

வலிப்புக்குக் கார்பமாசெபின் சாப்பிடுபவருக்கு மிர்டாசபின் ரத்தத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் குறைக்கும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று முடிவு கட்டுமுன் பழைய சீட்டைப் புரட்டு. முதுகு வலிக்கு டிராமடால் வாங்கி விழுங்குகிறாரா என்றும் கேள். இரண்டும் சேர்ந்தால் மூளையின் செரட்டோனின் என்ற ரசாயனம் மிகையாகி நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம்.

பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் மலிவுதான். ஆனால் சாக நினைப்பவர் கையில் பத்து நாள் சீட்டுகூட ஆபத்து, இதயத் துடிப்பே குலையும். புரோஸ்டேட் வீங்கியவருக்கு மூத்திரம் அடைக்கும். டிராசோடோன் 50 தூக்கத்துக்குப் போதும், மனச்சோர்வுக்குப் போதாது; எழும்போது தலை கிறுகிறுக்கும், ஆண்களிடம் வலியோடு நீடிக்கும் விறைப்பு வந்தால் உடனே வரச் சொல். எந்த மருந்தானாலும் சாவு எண்ணம் உண்டா என்று நேராகக் கேள். இருந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதி, வீட்டார் கையில் கொடு; பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டிவைக்கவும் சொல். 25 வயதுக்குக் கீழே என்றால் முதல் வாரங்களில் அடிக்கடி வரச் சொல்.

ஏற்கெனவே அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையில் ஊறியவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தாதே. மிர்டாசபின் நிலைத்த பிறகு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை.

சோடியம் பார்க்க அங்கே லேப் இருக்கிறதா? இல்லையென்றால் கீழே இறங்கும் ஜீப்பில் ரத்தத்தைக் கொடுத்தனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது பன்னீர் திராட்சை வாங்கிப்போக மறக்காதே.

உன்
மாப்ளே