கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு ஓவன் வேண்டாம், அடுப்பு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கான கிறிஸ்துமஸ் குக்கீஸ் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் பிரமாதம். ஆனால் அதைப் பார்த்து வடசென்னையில் ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எத்தனை வீட்டில் செய்ய முடியும் என்று யாராவது யோசித்தீர்களா? ஓவன், பேக்கிங் பேப்பர், பிரவுன் சுகர், சாக்லேட் சிப்ஸ், அப்புறம் ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’. குளிர் நாட்டு அறையில் வெண்ணெய் மெத்தென்று இருக்கும். எங்கள் வீட்டில் டிசம்பர் மாதத்திலும் மத்தியான நேரத்தில் வெளியே எடுத்து வைத்தால் ரொம்ப இளகிப்போகும். அந்த வெண்ணெயில் பிசைந்து வைத்தால் பிஸ்கட் வட்டமாக நிற்காமல் பரவி, தட்டு முழுக்க ஒரே அடையாகத்தான் வரும். செய்கிற பிள்ளை என்ன நினைக்கும்? தனக்குச் சமையல் வராது என்று.

எங்கள் தெருவில் டிசம்பர் வந்தாலே காலேஜ் படிக்கிற பிள்ளைகள், பையன்கள் உட்பட, ‘ஆன்ட்டி, ஈஸியா ஏதாவது சொல்லிக்கொடுங்க’ என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது தேங்காய் பர்பி. டாபி போலக் கடினமான மிட்டாய் எதையும் முதல் வருஷம் தொடவே விடமாட்டேன். அதற்குப் பாகு 150 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்க வேண்டும், தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு பாடுபட்டுச் செய்தாலும் இந்த மழைக்காலத்தில், அதுவும் கடலை ஒட்டிய எங்கள் பகுதியில், சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து மறுநாளே பிசுபிசுத்துப் போகும். தூத்துக்குடி மக்ரூனும் அப்படித்தான், முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கிச் செய்வது, ஈரக்காற்று அதற்கு ஆகவே ஆகாது. கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

தேங்காய் பர்பி அப்படியில்லை, அது தப்பை மன்னிக்கிற பலகாரம். துருவிய தேங்காய் இரண்டு டம்ளர், சர்க்கரை ஒன்றரை டம்ளர், பால் கால் டம்ளர். தேங்காயின் அடிப்பக்கக் கறுப்பு வராமல் வெள்ளையை மட்டும் துருவ வேண்டும். எல்லாவற்றையும் அடிகனமான சட்டியில் ஒன்றாகப் போட்டு மிதமான தீயில் கைவிடாமல் கிளறினால், முதலில் தண்ணீர் விட்டு இளகும், அப்புறம் மெதுவாக இறுகும். இதற்கு நீங்கள் ‘15 நிமிடம்’ என்று போடுவீர்கள். யாருடைய அடுப்பில், எந்தச் சட்டியில் 15 நிமிடம்? நான் கடிகாரத்தைப் பார்க்கவே விடுவதில்லை. கலவை சுற்றிலும் நுரைத்துக்கொண்டு, சட்டியின் ஓரத்தில் சர்க்கரை வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்து, கரண்டியோடு மொத்தமும் சேர்ந்து திரண்டு வந்தால் பதம். உடனே இறக்கி நெய் தடவிய தட்டில் கொட்டி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். இறுகாமல் கொழகொழவென்று இருந்தால் திரும்பச் சட்டியில் போட்டுக் கிளறு, உதிர்ந்துபோனால் ரெண்டு கரண்டி பால் விட்டுக் கிளறு. இரண்டு வழியிலும் சரிசெய்ய முடிகிற பண்டம் வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள். பாதியில் ரோஸ் கலர் ஒரு துளி விட்டால் பண்டிகைக் களை தானாக வந்துவிடும்.

இரண்டாவது கல்கல். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் இருந்த ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது, கோவாவிலும் குல்குல் என்று இதையே செய்கிறார்கள். மைதா இரண்டு டம்ளர், பொடித்த சர்க்கரை அரை டம்ளர், உருக்கிய வெண்ணெய் இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பிசைய ஒரு முட்டையும் கொஞ்சம் கெட்டித் தேங்காய்ப்பாலும். முட்டை சேர்க்காதவர்கள் தேங்காய்ப்பாலிலேயே பிசையலாம். ஈரத்துணி மூடி அரைமணி நேரம் விட்டு, கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் பின்பக்கம் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, அப்படியே சுருட்டி எடுத்தால் வரிவரியாகச் சங்கு மாதிரி வந்துவிடும். சுருட்டிய ஓரத்தை அழுத்தி ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்துகொள்ளும், கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். தீ மிதமாக இருக்கட்டும். உள்ளே சர்க்கரை இருப்பதால் நிறம் சட்டென்று ஏறும். இளம் பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் கொஞ்சம் கருக்கும். மாவைச் சுருட்டுகிற வேலை நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்கிற வேலை, தனியாகச் செய்தால் முதுகு போய்விடும்.

அச்சு முறுக்கு, ரோஸ் குக்கீஸ் என்று எப்படிச் சொன்னாலும் சரி, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் மாவில் இல்லை, அச்சில்தான். பாரிமுனைப் பக்கம் பாத்திரக்கடைகளில் நீண்ட பிடி வைத்த பூ வடிவ அச்சு கிடைக்கும். வாங்கிவந்த அன்றே சுட்டால் மாவு கழலாது. அரிசி கழுநீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கழுவித் துடைத்து, அப்புறம் எண்ணெயில் ஒரு நாள் போட்டுப் பழக்க வேண்டும். மைதா ஒரு டம்ளர், அரிசி மாவு கால் டம்ளர், பொடித்த சர்க்கரை அரை டம்ளர், முட்டை ஒன்று, தேங்காய்ப்பால், கொஞ்சம் கறுப்பு எள். தோசை மாவை விட ஒரு சுற்று இளக்கமாகக் கரைத்தால் போதும். அச்சு காயும் எண்ணெயிலேயே இருக்கட்டும். அதை எடுத்து எண்ணெயை உதறி மாவில் முக்கும்போது முக்கால் அச்சுதான் உள்ளே போக வேண்டும், மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் பூ அச்சைக் கட்டிக்கொண்டு விடவே விடாது. அச்சு சூடு பத்தாவிட்டால் மாவு ஒட்டாமல் வழியும், மிதமிஞ்சிக் காய்ந்திருந்தால் சொர்ரென்று சத்தம் போட்டு மாவு, கரைத்த பாத்திரத்திலேயே நின்றுவிடும். முதல் நாலைந்து பூ கோணலாகத்தான் வரும், அதைச் சின்னப் பசங்களுக்குக் கொடுத்துவிடலாம்.

குக்கீதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நெய் பிஸ்கட். மைதா ஒரு டம்ளர், பொடித்த சர்க்கரை அரை டம்ளர், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, ஏலக்காய், உருண்டை பிடிக்கிற அளவுக்கு உருக்கிய நெய், ஏறக்குறைய அரை டம்ளர் வரும். பழைய கனமான இரும்புச் சட்டியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் இருபது நிமிஷம் போல விட்டால் ஓவன் வேலையை அது செய்துவிடும். நான்ஸ்டிக் சட்டியை இதற்கு எடுக்காதீர்கள், வெறுமனே காய்ந்தால் பூச்சு போய்விடும். தினம் புழங்குகிற குக்கரும் வேண்டாம். பிஸ்கட் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று நினைத்து இன்னும் வைத்தால் அடி கருகிவிடும், ஆறினால்தான் மொறுமொறுப்பு.

இன்னொன்று, இதைச் சொல்ல உங்களிடம் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பொரித்ததை எடுத்து நியூஸ்பேப்பரில் போட்டு எண்ணெய் வடிக்கிற பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் அப்புறம் 2023-லும் செய்தித்தாளில் உணவுப் பண்டம் வைக்கக்கூடாது, மடிக்கக்கூடாது என்று சொன்னது, காரணம் அச்சு மை. படித்து முடித்த உங்கள் பேப்பர் வேறு எதற்கு வேண்டுமானாலும் ஆகட்டும், அச்சு முறுக்குக்கு மட்டும் வேண்டாம் என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். ஓட்டைத் தட்டு போதும்.

ஆகவே நான் கேட்பது, அடுத்த தடவை செய்முறை போடும்போது கிராமிலும் அவுன்ஸிலும் போடாமல் டம்ளர் கணக்கில் போடுங்கள், நிமிஷத்தோடு பதத்தையும் எழுதுங்கள், தப்பாகப் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். புதிதாகச் செய்கிறவருக்கு அதுதான் தேவை, படம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள், தனியாக நின்று பொரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டால் நல்லது. கல்கல் எவர்சில்வர் டப்பாவில் காற்றுப் புகாமல் இருந்தால் இரண்டு வாரம் தாங்கும், முன்னாலேயே செய்து வைக்கலாம். தேங்காய் பர்பியை மட்டும் 23, 24-ஆம் தேதிக்கு விட்டுவிடலாம். அப்புறம், அளவு எழுதின வரி பேப்பரின் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தால் அந்த இடம்தான் முதலில் கிழிகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம்.