மூன்று வட்டிக்கு விடச் சொன்ன மகனுக்கு

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ குவைத்திலிருந்து அனுப்பிய 2,00,000 ரூபாய் வந்து சேர்ந்தது. அதைத் தண்டல்காரரிடம் கொடுத்துவைத்தால் நூற்றுக்கு மூன்று வட்டி வீதம் மாதம் 6,000 ரூபாய் வரும், வங்கி ஓராண்டு முழுவதும் தருவது மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று நீ போனில் சொன்ன கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. அவரும் கடைக்கு வந்து, "தம்பி பணம் சும்மா கிடக்க வேண்டாமே, சுற்றில் விடுவோம்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். நான் பிடிகொடுக்கவில்லை. காரணத்தை உனக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் இட்லிக்கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது உனக்குப் பத்து வயது. தகரம் போடக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். இந்தத் தண்டல்காரர் எதுவும் கேட்கவில்லை. ஜனவரிக் கடைசியில் 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500ஐ எண்ணிக் கொடுத்தார். நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும், கட்டியதைக் குறித்துவைக்க ஓர் அட்டை. பதினைந்து சதவீதம்தானே என்று அன்று நினைத்தேன். வாங்கிய பணம் தினமும் குறைந்துகொண்டே வருவதையும், எல்லாம் நூறே நாளில் முடிந்துவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது என்பது, பல காலம் கழித்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் கரையில் நின்றால் துறைமுகத்தில் இட்லி தின்ன ஆள் ஏது? இன்னும் 25 நாள் பாக்கி இருந்தது. அவர் கோபிக்கவில்லை, புதிதாக 10,000 போட்டு, பழைய பாக்கி 2,500ஐயும் முன்வட்டி 1,500ஐயும் கழித்துக்கொண்டு 6,000 கொடுத்தார். இப்படிப் புரட்டிப் புரட்டியே மூன்று ஆண்டுகள் போயின.

மாலை ஆறரை மணிக்கு அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். பணம் இல்லாத நாட்களில் நான் பின்கட்டில் அடுப்போரம் உட்கார்ந்துகொள்வேன். வாசலுக்கு உன்னைத்தான் அனுப்புவோம். ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டே, "அப்பா வீட்டில் இல்லை" என்பாய். "சரி தம்பி, நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் கிடக்கும் என் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை பார்.

ஊரில் அவருக்குள்ள மரியாதை உனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் கடைக்குள் வந்தால் பெஞ்சில் இடம் தானாகக் காலியாகும். ஆனால் அவர் மகனுக்குப் பெண் கேட்டபோது, அவரிடம் அட்டை வைத்திருந்த குடும்பங்கள்கூட ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டன. நள்ளிரவில் மருத்துவச் செலவுக்கு முதலில் நினைவுக்கு வருபவரும் அவர்தான், விளக்கணைத்த பிறகு வயிறெரிந்து திட்டப்படுபவரும் அவர்தான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மூன்று ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு யாரிடம் போய் நிற்பது?

2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்குளித்த செய்தி நம் கடைத் தொலைக்காட்சியில் ஓடியது. அன்று அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாம அப்படியெல்லாம் கிடையாதே" என்று சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவர்களில் பாதிப் பேரின் சட்டைப் பையில் அவருடைய அட்டை இருந்தது. நானும் தலையை ஆட்டினேன், தம்பி. நம் கணக்கு முடிந்து அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உன் 2,00,000 அவர் கைக்குப் போனால் அது இருபது அட்டையாகும். இருபது வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். நமக்கு வரும் 6,000 அங்கிருந்துதான் வர வேண்டும்.

பணத்தை அம்மா பெயரில் வங்கியில் ஓராண்டு வைப்பாகப் போட்டுவிட்டேன். ரசீது, அந்தப் பழைய அட்டைகள் இருக்கும் பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கிறது. அவர் மறுபடியும் கேட்டால், பையன் ஒப்பவில்லை என்று உன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். இந்த முறை நானே வாசலுக்கு வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா