கையோடு கொண்டுபோகட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். லேபில் ஒருவரை வழியனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது, அது முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிவைத்தேன். இப்போது யோசித்தால், நீ கேட்டதற்கும் அந்த வேலைக்கும் நேரடித் தொடர்பே இருக்கிறது.

உன் மகளுக்கு இரண்டு லேபிலிருந்து பி.எச்டி.க்கு இடம் வந்திருக்கிறது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அதுவும் மூளையைப் படிக்கப்போகிறாள்! "ஒருத்தர் பெரிய பேர், இன்னொருத்தர் இப்போதுதான் லேப் ஆரம்பித்தவர், எங்கே சேரட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். பேரை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த லேபிலிருந்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல். என் பதில் அவ்வளவுதான். ஆனால் அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த யோசனை நானாகக் கண்டுபிடித்ததில்லை. பென் பாரெஸ் என்று ஒரு நரம்பியல் விஞ்ஞானி இருந்தார், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். பி.எச்டி.க்கு கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல விஞ்ஞானியாக இருந்தால் மட்டும் போதாது, நல்ல வழிகாட்டியாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்த ஒருவரைத் தேடிப் போ என்பதுதான் அதன் சாரம். மாணவர்கள் கையில் கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது. உன் மகள் தேடிப் படிக்கட்டும்.

அவருடைய வாழ்க்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருத்துவம் படித்து, நரம்பியல் பயிற்சி மருத்துவராக இருந்தவர். நரம்புச் சிதைவு நோயாளிகளைப் பார்க்கிறார், நோய்க்குக் காரணமும் தெரியவில்லை, மருந்தும் இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டு ஹார்வர்டில் மறுபடி மாணவராகச் சேர்ந்து, 1990-ல் பி.எச்டி. முடித்தார். அப்புறம் லண்டனில் மார்ட்டின் ராஃப் என்ற விஞ்ஞானியிடம் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சி. 1993-ல் ஸ்டான்ஃபோர்டில் சொந்த லேப். எடுத்துக்கொண்ட விஷயமோ கிளையா செல்கள். மூளையில் உள்ள செல்களில் ஏறக்குறைய பாதி கிளையாதான். ஆனாலும் அவை நியூரான்களை, அதாவது நரம்பு செல்களை, தாங்கிப் பிடிக்கும் வெறும் பசை என்றே ரொம்ப காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பாரெஸ் செய்தது பார்க்க எளிது. எலியின் விழித்திரையிலிருந்து ஒருவகை நியூரானை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்தார். அந்த நியூரானை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தட்டில் பூசிவிடுவது, செல்களை அதன்மேல் ஊற்றுவது, வேண்டியது ஒட்டிக்கொள்ளும், மற்றதைக் கழுவிவிடலாம். அப்படித் தனியாக வளர்த்த நியூரான்கள் உயிரோடு இருந்தன, கிளைவிட்டன, ஆனால் ஒன்றோடொன்று பேசவே இல்லை என்று சொல்லலாம். பக்கத்தில் கிளையாவைச் சேர்த்ததும் பேச ஆரம்பித்தன. அவருடைய லேபிலிருந்து 2001-ல் வந்த பேப்பரில், கிளையா இருந்தால், நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளான சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏழு மடங்கு ஆகிறது என்று காட்டினார்கள். பசை என்று நினைத்ததுதான் பேச்சையே தொடங்கிவைக்கிறது.

அவர் திருநம்பி. பெண்ணாக வளர்ந்து, எம்.ஐ.டி.யில் படித்து, நாற்பது வயது தாண்டிய பிறகு, 1997-ல் ஆணாக மாறினார். படிக்கும் காலத்தில் வகுப்பிலேயே யாராலும் போடமுடியாத ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியபோது, "உன் காதலன் போட்டுக்கொடுத்திருப்பான்" என்றாராம் ஆசிரியர். ஆணாக மாறிய பிறகு ஒரு கருத்தரங்கில் பேசினார். கேட்டவர் ஒருவர், "இவருடைய வேலை இவர் தங்கையின் வேலையைவிட எவ்வளவோ மேல்" என்று பாராட்டினாராம். தங்கை என்று அவர் நினைத்ததும் இதே ஆளைத்தான்! இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் என்பதால், பெண்களுக்கு விஞ்ஞானத்தில் என்ன நடக்கிறது என்பதை 2006-ல் வெளிப்படையாக எழுதினார். நாம் இருவரும் எத்தனை கூட்டங்களில் இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதனால்தான் எனக்கு அவர்மேல் இவ்வளவு பற்று.

கணையப் புற்றுநோய் வந்து, 2017 டிசம்பரில், 63 வயதில் போய்விட்டார். கடைசி மாதங்களிலும் தன் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் இன்னொரு கட்டுரையும் எழுதினார், போஸ்ட்டாக்குகள் வெளியே போகும்போது தாங்கள் செய்த ஆராய்ச்சியைக் கையோடு கொண்டுபோக விட வேண்டும் என்று. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். நான் போஸ்ட்டாக்காக இருந்த இடத்தில் நாலரை வருஷம் ஒரு கேள்வியின் பின்னால் போனேன். கேள்வியே நான் கொண்டுவந்ததுதான். சொந்த லேப் கிடைத்துக் கிளம்பும் வாரத்தில் கைடு கூப்பிட்டார். "இது இங்கேயே இருக்கட்டும். நீ வேற ஏதாவது ஆரம்பி, நமக்குள்ள போட்டி வேண்டாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, வழக்கம் அதுதானே என்ற தொனி. நான் "சரி" என்றேன். அந்த "சரி"யால் புது லேபில் முதல் மூன்று வருஷம் போனது. உபகரணம் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், என்ன கேட்பது என்று மட்டும் தெரியாமல் ஒன்றை எடுத்து, விட்டு, இன்னொன்றை எடுத்து அலைந்தேன். அந்தக் காலத்தில் உனக்கு எழுதிய கடிதங்கள் எப்படி இருந்தன என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பு, பி.எச்டி.யில் எனக்கு வாய்த்த கைடு வேறு மாதிரி. அவரைப் பற்றி உனக்கு இதுவரை சரியாகச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

முதல் வருஷம், பேட்ச் கிளாம்ப் கற்றுக்கொண்டிருந்தேன். முனை ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாயை, உயிரோடிருக்கும் ஒரு நியூரானின்மேல் கொண்டுபோய் வைத்து, அதன் சவ்வோடு ஒட்டவைக்க வேண்டும். சரியாக ஒட்டிவிட்டால் இடுக்கு வழியே மின்சாரம் கசியாது, செல்லின் துளி மின்னோட்டத்தையும் கேட்கலாம். நெயரும் சாக்மானும் 1976-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள், 1991-ல் நோபல் வாங்கினார்கள். சொல்ல இரண்டு வரிதான். அப்படி ஒட்டவைப்பதைத்தான் சீல் என்போம். நான் நாலு மாதம் ஒரு சீல்கூட போடமுடியாமல் இருந்தேன். காலையில் மூளையை மெல்லிய துண்டாகச் சீவி, ஆக்சிஜன் குமிழிகள் ஓடும் கரைசலில் மிதக்கவிட்டால், சில மணி நேரம்தான் செல்கள் நன்றாக இருக்கும். சாயங்காலத்துக்குள் ஊதிப்போய்ச் செத்துவிடும். தினமும் அப்படி ஒரு தட்டைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "நகரு, நான் போட்டுக் காட்டுகிறேன்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு செல் வீணானது. மூன்றாவது வீணானபோது கேட்டார்: "காற்றை எப்போ விடறே?"

குழாயின் முனையில் அழுக்கு ஒட்டாமலிருக்க, உள்ளே லேசான காற்றழுத்தம் வைத்துக்கொண்டேதான் செல்லை நெருங்க வேண்டும். அந்த அழுத்தத்தில் முனையிலிருந்து வெளியே வரும் திரவம் பட்டு, செல்லின்மேல் சின்னக் குழி ஒன்று விழும். குழந்தையின் கன்னத்தில் விரலை வைத்த மாதிரி. அந்தக் குழி தெரிந்த பிறகுதான் அழுத்தத்தைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். பயத்தில் நான் கொஞ்சம் முன்னாலேயே விட்டுக்கொண்டிருந்தேன். நாலு மாதமும் இதுதான் நடந்திருக்கிறது. நாலாவது செல்லில் குழிக்காகக் காத்திருந்தேன். விட்டேன். குழாயின் மறுமுனையில் வாயை வைத்து மெல்ல உறிஞ்சினேன். திரையில் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்த சதுர அலை சுருங்கி, சுருங்கி, ஒரு நேர்கோடாகப் படுத்துவிட்டது. மின்தடை ஒரு கிகா ஓமுக்கு, அதாவது நூறு கோடி ஓமுக்கு மேல். சீல் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு என் கையிலிருந்து, குழாயை நகர்த்தும் கருவியின் குமிழை அவர் வாங்கியிருந்தால், அரை மணியில் சீல் விழுந்திருக்கும். ஆனால் அது அவர் போட்ட சீலாக இருந்திருக்கும்.

இது இவ்வளவு நன்றாகத் தெரிந்தும் போன வருஷம் நானே தவறினேன். ஒரு மாணவியின் முதல் பேப்பர். வரைவு என் மேஜைக்கு வந்தது, நடை இடறியது, கெடுவும் நெருங்கிவிட்டது. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதிவிட்டேன். காலையில் படித்துவிட்டு வந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா இது என் பேப்பர் மாதிரி இல்லை" என்றாள். அவள் சொன்னது சரி. நான் எழுதியதை எடுத்துவைத்துவிட்டு, அவள் வரைவையே மறுபடி விரித்து, பத்தி பத்தியாக, "இங்கே என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மூன்று வாரம் பிடித்தது, கெடுவும் தவறியது. ஆனால் அடுத்த பேப்பரை அவள் எழுதிக்கொண்டு வந்தபோது நான் திருத்தியது பத்து இடம்கூட இருக்காது.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். என்னிடம் ஐந்து வருஷம் இருந்த போஸ்ட்டாக்குக்குச் சொந்த லேப் கிடைத்திருக்கிறது. அவன் செய்தது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா வகை பற்றிய வேலை. எங்கள் லேபில் இன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருப்பதே அதுதான், அடுத்த நிதிக்கு அதை வைத்துத்தான் விண்ணப்பம் எழுதுவதாக இருந்தேன். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இதுல எதையாவது எடுத்துட்டுப் போகலாமா?" நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் என் வாயில் வந்து வந்து நின்றது, என் பழைய கைடு சொன்ன அதே வார்த்தைகள்தான். அப்போது புரிந்தது, அவரும் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார்.

பாரெஸின் லேபில் பெத் ஸ்டீவன்ஸ் என்று ஒரு போஸ்ட்டாக் இருந்தார். மூளை வளரும்போது வேண்டாத சினாப்ஸ்களுக்கு, நோய்க்கிருமிகளை அடையாளம் காட்டும் அதே புரதங்கள் குறியிடுகின்றன என்று 2007-ல் காட்டினார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் சொந்த லேப் தொடங்கினார். அந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். குறியிட்ட சினாப்ஸ்களை, மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளையா விழுங்குவதை 2012-ல் அவருடைய லேப் காட்டியது. அல்சைமர் ஆராய்ச்சியில் இன்று அந்தத் தடத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! அந்தக் கேள்வியை பாரெஸ் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால், இத்தனையும் ஒரு லேபில் அடங்கியிருக்குமா?

ஸ்டீஃபன் குஃப்லரும் நினைவுக்கு வந்தார். பூனையின் விழித்திரை செல்கள் வெளிச்சத்தை எப்படிப் பிரித்துப் பார்க்கின்றன என்று 1953-ல் காட்டியவர். அவருடைய லேபில்தான் 1958-ல் ஹூபெலும் வீசலும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். புள்ளி போட்ட கண்ணாடித் தகட்டைக் கருவியில் செருகும்போது, புள்ளிக்கு அசையாத, பூனை மூளையின் பார்வைப் பகுதியிலிருந்த செல், தகட்டின் ஓர நிழலுக்குப் படபடவென்று பதில் சொன்ன கதை உனக்குத் தெரியுமே. 1959-ல் வந்த அந்தப் பேப்பரில் அவர்கள் இரண்டு பேர் பெயர்தான் இருக்கிறது. லேப் அவருடையது, பாதையும் அவர் போட்டது. ஆனாலும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நோபல் கிடைத்தது 1981-ல். முந்தைய ஆண்டே குஃப்லர் இறந்துவிட்டார்.

எட்டாவது நாள் அவனைக் கூப்பிட்டு, "ஆஸ்ட்ரோசைட் வேலை மொத்தமும் உன்னுடையது, இங்கே யாரும் அதைத் தொடமாட்டார்கள்" என்றேன். கண் கலங்கிவிட்டான். நானும்தான். நிதி விண்ணப்பத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு, எனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன், அதில் ஒரு பழைய உற்சாகம் வந்திருக்கிறது.

நேற்று கிளம்பினான். உறைநிலை மாதிரிகளை உலர்பனி போட்ட பெட்டிகளில் அடுக்கி, மூடியில் அவன் பெயரை நானே எழுதினேன்.

உன் மகள் இரண்டு லேபுக்கும் நேரில் போகட்டும். கைடு இல்லாத நேரத்தில் மாணவர்களோடு தனியாகப் பேசட்டும். இங்கே ஒரு பி.எச்டி. முடிய எத்தனை வருஷம் ஆகிறது, பாதியில் விட்டவர்கள் யார், ஏன், வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, சோதனை தோற்ற வாரத்தில் கைடு என்ன சொல்வார் என்றெல்லாம் கேட்கட்டும். பதிலைவிட, பதில் சொல்லுமுன் அவர்கள் கொஞ்சம் நிறுத்துகிறார்களா என்று கவனிக்கச் சொல். புதிதாக லேப் ஆரம்பித்தவரிடம் வெளியே போனவர்கள் இருக்க மாட்டார்கள். அங்கே, அவர் முன்பு யாரிடம் இருந்தார், அங்கே தனக்குக் கீழே இருந்த மாணவர்களை எப்படி நடத்தினார் என்று விசாரிக்கலாம்.

பார்த்துவிட்டு வந்ததும் அவளையே எனக்கு நேரடியாக எழுதச் சொல். எந்த லேப் என்று பெயர் சொன்னால், எனக்குத் தெரிந்தவர்களிடம் நானும் கேட்டுப் பார்க்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய லேப் தோழி